நாற்பது வயதில் நீச்சல்: தண்ணீர் பயம் உள்ளவர்களுக்கு ஒரு வழிகாட்டி

தண்ணீரைக் கண்டாலே நெஞ்சு அடைக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். கடற்கரைக்குப் போனால் கணுக்கால் நனைகிற வரைக்கும்தான், அருவியில் குளித்தாலும் சுவரோரம்தான், பிள்ளைகள் குளத்தில் குதிக்கும்போது கரையில் துண்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது நீங்கள்தான் என்றால், நானும் அப்படித்தான் 30 வருஷம் உட்கார்ந்திருந்தேன். 41 வயதில் பழக ஆரம்பித்தேன். பதினான்காவது மாதத்தில் நிற்காமல் 1,000 மீட்டர் நீந்தினேன்.

1994இல் எனக்கு 11 வயது. குற்றாலீஸ்வரன் பாக் நீரிணையை நீந்திக் கடந்த செய்தியை அப்பா பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு சத்தமாகப் படித்தார். குற்றாலீஸ்வரனுக்கு அப்போது 12 வயது. என்னைவிட ஒரே ஒரு வயது பெரிய பையன் கடலைத் தாண்டிவிட்டான் என்பது எனக்குள் என்னவோ செய்தது. அதே வருஷத்தில் அவர் 6 நீர்வழிகளைக் கடந்து, 1966இல் 5 கடந்திருந்த இந்திய நீச்சல் வீரர் மிஹிர் சென்னின் சாதனையைத் தாண்டினார். நானும் நீந்துவேன் என்று வீட்டில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்தக் கோடை விடுமுறையில் ஊருக்குப் போனபோது, உறவுக்காரர் ஒருவர் "இறங்கினா தானா வரும்" என்று சொல்லிக் கிணற்றில் தள்ளிவிட்டார். மற்ற பிள்ளைகளுக்கெல்லாம் முதுகில் சுரைக்குடுக்கை, இடுப்பில் கயிறு, கயிற்றின் மறுமுனை பெரியவர் ஒருவர் கையில். எனக்கு எதுவும் இல்லை. தூக்கி எடுத்தார்கள், உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அதற்கப்புறம் நீச்சல் என்ற பேச்சையே நான் எடுக்கவில்லை.

தைரியம் வரட்டும், அப்புறம் இறங்கலாம் என்று வருஷக்கணக்கில் காத்திருந்தேன். கரையில் உட்கார்ந்திருந்தவரைக்கும் அது வரவில்லை. இடுப்பளவுத் தண்ணீரில், சுவரைப் பிடித்துக்கொண்டு நின்ற மூன்றாம் நாள் கொஞ்சம் வந்தது. அதனால் கீழே சொல்லியிருக்கும் எந்தப் படிக்கும் பெரிய தைரியம் தேவைப்படாது. ஒவ்வொரு படியையும் அன்றைக்கு இருக்கிற பயத்தோடேயே செய்யலாம்.

முதலில் குளத்தைப் பார்த்துவிட்டு வாருங்கள்

சேர்வதற்கு முன்னால் ஒரு நாள் சும்மா போய்ப் பாருங்கள். தமிழ்நாட்டில் பல மாவட்டத் தலைநகரங்களில் விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் நீச்சல் குளம் இருக்கிறது. சென்னைக்காரர்களுக்கு மெரினாவில் மாநகராட்சிக் குளம் இருக்கிறது, 1995 தெற்காசிய விளையாட்டுப் போட்டிகளுக்காகக் கட்டிய வேளச்சேரி குளம் இருக்கிறது. இவை தவிரத் தனியார் குளங்களும் பள்ளிக்கூடக் குளங்களும் உண்டு. எங்கே போனாலும் மூன்று விஷயங்களைக் கவனியுங்கள். ஆழம் குறைந்த பக்கம் மூன்று, மூன்றரை அடிதானா, எல்லாப் பக்கமும் ஆழம் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். கரையில் நின்று பார்த்தால் ஆழமான பக்கத்தின் அடித்தரைக் கோடு தெளிவாகத் தெரிய வேண்டும், கலங்கலாக இருந்தால் வேண்டாம். மூன்றாவது, தண்ணீரையே பார்த்துக்கொண்டு ஒரு உயிர்காப்பாளர் நிற்கிறாரா என்று பாருங்கள். போனைப் பார்த்துக்கொண்டு நிற்பவர் கணக்கில் வரமாட்டார்.

மூக்கைத் துளைக்கிற குளோரின் வாடை அடித்தால் சுத்தமான குளம் என்று நினைக்காதீர்கள். குளோரின் வியர்வையோடும் சிறுநீரோடும் கலக்கும்போதுதான் அந்தக் காட்டமான வாடை வரும், கண்ணும் எரியும். நீங்களும் இறங்குவதற்கு முன்னால் நன்றாகக் குளித்துவிட்டு இறங்குங்கள். தலையில் எண்ணெய் வேண்டாம்.

பயிற்சியாளரிடம் நேராகவே கேளுங்கள்: "எனக்குத் தண்ணீர் பயம். பெரியவர்களுக்குத் தனி பேட்ச் இருக்கிறதா? ஒரு பேட்ச்சில் எத்தனை பேர்?" இதைச் சொல்ல வெட்கமே வேண்டாம். "அதெல்லாம் ஆழத்துல தள்ளிவிட்டா நாலு நாள்ல வந்துடும்" என்று பதில் வந்தால், நன்றி சொல்லிவிட்டு வேறு குளம் பாருங்கள். எனக்குக் கிடைத்த பயிற்சியாளர் என்னைவிட 15 வயது சின்னப் பெண். "முத வாரம் நீச்சலே கிடையாதுக்கா, தண்ணியில நடப்போம்" என்றார். அப்போதே பாதி பாரம் இறங்கிவிட்டது.

வலிப்பு, இதயக் கோளாறு, ஆஸ்துமா, காதுச் சவ்வில் ஓட்டை இவற்றில் ஏதாவது இருந்தால் மருத்துவரைப் பார்த்துவிட்டுச் சேருங்கள், பயிற்சியாளரிடமும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

வாங்க வேண்டியது

கொஞ்சம்தான். கண்ணாடியை, அதாவது காகிள்ஸை, கடையிலேயே சோதித்து வாங்குங்கள். பட்டையை மாட்டாமல் கண்ணில் லேசாக அமுக்கிவிட்டுக் கையை எடுத்தால் ஓரிரு விநாடி ஒட்டி நிற்க வேண்டும். நிற்காவிட்டால் அது உங்கள் முகத்துக்கு ஆகாது. அப்புறம் ஒரு தொப்பி, நைலான் அல்லது லைக்ரா நீச்சலுடை. பருத்தி வேண்டாம், தண்ணீரைக் குடித்துக் கனத்துக் கீழே இழுக்கும். பெண்கள் உடையை நினைத்தே பின்வாங்குவது எனக்குத் தெரியும், நானே ஆறு மாதம் அப்படித் தள்ளிப் போட்டேன். முழுக்கை வைத்து, கணுக்கால் வரை வருகிற நீச்சலுடை இப்போது சுலபமாகக் கிடைக்கிறது. பெண்களுக்கென்று தனி நேரம் ஒதுக்கும் குளங்களும் இருக்கின்றன. கேட்டுப் பாருங்கள்.

அன்னக்கூடைப் பயிற்சி

குளத்துக்குப் போவதற்கு ஒரு வாரம் முன்னாலேயே வீட்டில் தொடங்கலாம். என்னைக் கேட்டால் இந்தக் கட்டுரையில் இதுதான் மிக முக்கியமான பகுதி.

ஒரு அன்னக்கூடையிலோ பெரிய பாத்திரத்திலோ தண்ணீர் நிரப்பி மேஜைமேல் வையுங்கள். வாயால் மூச்சை இழுத்து, முகத்தைத் தண்ணீரில் வைத்து, "ம்ம்ம்" என்று முனகிக்கொண்டே மூக்கு வழியாகக் காற்றை விடுங்கள். குமிழி குமிழியாக வரும். முழுவதும் விட்ட பிறகு முகத்தைத் தூக்கி, வாயால் இழுத்து, மறுபடி உள்ளே வையுங்கள். முதல் நாள் எனக்கு இரண்டு தடவைக்கு மேல் முடியவில்லை. பக்கத்தில் நின்று எண்ணிக்கொண்டிருந்த மகள், "அம்மா, நீ ஊதவே இல்லையே, குமிழியே வரலை" என்றாள். அவள் சொன்னது சரி. நான் மூச்சைப் பிடித்து வைத்துக்கொண்டிருந்தேன்.

தண்ணீர் பயம் உள்ளவர்கள் எல்லோரும் செய்வது இதைத்தான். முகம் நனைந்ததுமே மூச்சைப் பூட்டிவிடுவோம். பூட்டினால் உடம்பில் கரியமில வாயு ஏறுகிறது. "மூச்சு முட்டுது, உடனே வெளியே வா" என்று மூளை அலறுவது பெரும்பாலும் இந்த வாயு ஏறுவதால்தான். ஆக்சிஜன் அப்போது போதுமான அளவு இருக்கும். காற்றை விட விட அந்த அலறல் தணியும். குளத்தில் நான் திணறிய ஒவ்வொரு நாளும் என் பயிற்சியாளர் சொன்னது ஒரே வாக்கியம்தான்: "மூச்ச விடுங்கக்கா, இழுக்கறது தானா நடக்கும்."

தினம் 5 நிமிஷம் போதும். நிற்காமல் 10 தடவை செய்ய வந்துவிட்டால் குளத்துக்கு நீங்கள் தயார். அங்கேயும் முதல் இரண்டு மூன்று வகுப்புகள் நெஞ்சளவுத் தண்ணீரில் நடப்பது, விளிம்பைப் பிடித்துக்கொண்டு முகத்தை முக்கி ஊதுவது, இவ்வளவுதான். பக்கத்தில் 6 வயதுப் பிள்ளைகள் மீன் மாதிரி போய்க்கொண்டிருப்பார்கள். போகட்டும். அவர்களுக்குப் பழைய ஞாபகம் எதுவும் கிடையாது, உங்களுக்கு இருக்கிறது, ஆகவே உங்களுக்குக் கூடுதல் நாள் பிடிக்கும்.

மிதப்பதற்கு முன்னால் எழுந்து நிற்கப் பழகுங்கள்

பல இடங்களில் இதைச் சொல்லித்தருவதே இல்லை, அது எனக்கு வருத்தமான விஷயம். மூன்றடித் தண்ணீரில்கூடப் பெரியவர்கள் திணறுவதற்குக் காரணம், படுத்த நிலையிலிருந்து நிற்கிற நிலைக்கு வரத் தெரியாததுதான். தலையை மட்டும் வெடுக்கென்று தூக்குவோம், கால் மேலேயே இருக்கும், உடம்பு இரண்டும் கெட்டானாகத் தொங்கும், வாய்க்குள் தண்ணீர் போய்ப் புரை ஏறும்.

குப்புறக் கிடந்தால், இரண்டு முட்டியையும் நெஞ்சுப் பக்கம் இழுங்கள். நீட்டிய கைகளால் தண்ணீரைக் கீழே அமுக்குங்கள். உடம்பு தானாக நிமிர்ந்து வரும்போது பாதத்தைத் தரையில் ஊன்றுங்கள். தலை கடைசியாகத்தான் மேலே வர வேண்டும். மல்லாந்து கிடந்தால், முகவாயை நெஞ்சில் ஒட்டி, முட்டியை மடக்கி, கைகளால் தண்ணீரைப் பின்னாலிருந்து முன்னால் வாரித் தள்ளுங்கள். விளிம்பை ஒரு கையால் பிடித்துக்கொண்டு 20 தடவை, பிடிக்காமல் 20 தடவை. வேண்டும்போது நின்றுவிடலாம் என்று உடம்புக்குத் தெரிந்த அன்றைக்கே எனக்குக் கை நடுக்கம் நின்றது.

அப்புறம் மிதப்பு. ஆழமாக மூச்சை இழுத்து, முகத்தை முக்கி, முட்டிகளைக் கட்டிக்கொண்டு சுருண்டுவிடுங்கள். முதலில் கொஞ்சம் கீழே போவீர்கள். எண்ணெயில் போட்ட பூரி கீழே போய் ஒரு நொடி தங்கிவிட்டு மேலே எழும்பி வருமே, அதே மாதிரி உங்கள் முதுகு மேலே வரும். முதுகில் காற்றுப் படுவதை நீங்களே உணர்வீர்கள். நான் அதை உணர்ந்ததும் எழுந்து நின்று அழுதுவிட்டேன். மனித உடம்பின் அடர்த்தி கிட்டத்தட்டத் தண்ணீருடையதுதான். நுரையீரல் நிறைய இழுத்தால் 4 முதல் 6 லிட்டர் காற்று பிடிக்கும். அந்தக் காற்றுதான் உங்கள் சுரைக்குடுக்கை. நீங்கள் முழுகப் பாடுபட வேண்டியிருக்கும், மிதப்பது சும்மா இருந்தாலே நடக்கும். கால் மட்டும் கொஞ்சம் தாழும், எல்லோருக்கும் அப்படித்தான், ஆண்களுக்கு இன்னும் அதிகமாகத் தாழும்.

மல்லாந்து மிதப்பதையும் இதே வாரத்தில் பழகிவிடுங்கள். காதுக்குள் தண்ணீர் போய் வெளிச் சத்தமெல்லாம் அடங்கி, உங்கள் மூச்சு மட்டும் பெரிதாகக் கேட்கும். முதலில் பயமாக இருக்கும், அப்புறம் விடவே மனசு வராது. என்றைக்காவது ஆழத்தில் களைத்துப்போனால் உங்களைக் காப்பாற்றப்போவது இதுதான்.

உதைப்பு, கை, மூச்சு

சுவரைக் காலால் தள்ளி, கைகளை முன்னால் நீட்டி, அம்பு மாதிரி வழுக்கிப் போகப் பழகுங்கள். பார்வை அடித்தரையில் இருக்கட்டும். எதிரே பார்த்தால் தலை தூக்கும், தலை தூக்கினால் இடுப்பு இறங்கும். உதைப்பது தொடையிலிருந்து வர வேண்டும், கணுக்கால் தொளதொளவென்று இருக்க வேண்டும். சைக்கிள் மிதிப்பது போல் முட்டியை மடக்கி உதைத்தால் நின்ற இடத்திலேயே நிற்பீர்கள். கெண்டைக்காலில் குரக்களி, அதாவது தசைப்பிடிப்பு, வந்தால் விளிம்பைப் பிடித்து, முட்டியை நீட்டி, கால் விரல்களை உங்கள் பக்கம் இழுங்கள், விட்டுவிடும்.

குப்புறப் படுத்து, கைகளை மாற்றி மாற்றி வீசி நீந்துவதுதான் ஃப்ரீஸ்டைல். பக்கவாட்டில் மூச்சு இழுப்பதுதான் அதில் பலரும் மாட்டிக்கொள்கிற இடம். எனக்கு இதற்கு மட்டும் ஐந்து வாரம் ஆனது. நாலாவது வாரத்தில், போதும், மிதக்கத் தெரிந்துவிட்டது, இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம் என்று கட்டணம் கட்டாமலே இருந்தேன். நீங்களும் இந்த இடத்தில்தான் நிறுத்த நினைப்பீர்கள், அதற்காகவே முன்கூட்டிச் சொல்கிறேன். இன்னும் ஒரு மாதத்துக்குக் கட்டிவிடுங்கள்.

தலையைத் தூக்காதீர்கள், திருப்புங்கள். ஒரு காதும் கண்ணாடியின் ஒரு பக்கமும் தண்ணீருக்குள்ளேயே இருக்க, வாய் மட்டும் வெளியே வந்தால் போதும். தோளும் கூடவே புரள வேண்டும், கழுத்தை மட்டும் முறுக்கினால் வலிதான் மிச்சம். வெளியே வரும்போது நுரையீரலில் விடுவதற்குக் காற்று மிச்சம் இருக்கக்கூடாது, ஏனென்றால் விடுவது, இழுப்பது இரண்டையும் அந்த அரை நொடியில் செய்ய முடியாது. அன்னக்கூடையில் ஊதிப் பழகியதெல்லாம் இங்கேதான் கைகொடுக்கும். ஒரு கையால் மிதவைப் பலகையைப் பிடித்துக்கொண்டு, மறுகை வீச்சுக்கு ஒரு மூச்சு என்று அகலவாக்கில் போய் வந்து பழகுங்கள். வாயில் கொஞ்சம் தண்ணீர் போகும். துப்பிவிட்டுத் தொடருங்கள்.

ஆழம் தொடங்குகிற கோடு

எங்கள் குளத்தில் ஐந்தடி தாண்டும் இடத்தில் அடித்தரை ஓட்டின் நிறம் வெளிர் நீலத்திலிருந்து கரு நீலமாக மாறும். அதுவரைக்கும் நன்றாக வந்துகொண்டிருப்பேன், அந்த இருட்டு கண்ணில் பட்டதும் கை குழம்பிவிடும், மூச்சைப் பூட்டிக்கொள்வேன், உடனே சுவரைப் பிடிப்பேன். கிணற்றின் நிறம் அது. நாலடியில் தாங்குகிற தண்ணீர்தான் பத்தடியிலும் தாங்கும் என்று அறிவுக்குத் தெரிந்தும் உடம்பு கேட்கவில்லை.

நான் செய்தது இது. முதலில் பயிற்சியாளரோடு ஓரமாகப் போய், விளிம்பைப் பிடித்துக்கொண்டு அந்தக் கரு நீலத்தை முகத்தை முக்கிப் பார்த்தேன், ஊதினேன். அவ்வளவுதான் அன்றைக்கு. அடுத்த வகுப்பில் விளிம்பிலிருந்து கையை எடுத்து அங்கேயே மல்லாந்து மிதந்தேன். அதற்கடுத்து, சுவரிலிருந்து கை எட்டும் தூரத்தில் கோட்டைத் தாண்டி மூன்று வீச்சு, திரும்பினேன். பிறகு ஐந்து வீச்சு. அவர் பக்கத்திலேயே நீந்தி வந்தார், என்னைத் தொடவில்லை. எட்டாவது வகுப்பில் எதிர்ச் சுவரைத் தொட்டேன்.

ஆனால் ஒரு கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஆழம் குறைந்த பக்கத்தில் அகலவாக்கில் திரும்பித் திரும்பி 25 மீட்டர், மல்லாந்து 2 நிமிஷ மிதப்பு, தரையில் கால் ஊன்றாமல் நின்ற நிலையிலேயே கையும் காலும் அசைத்து 1 நிமிஷம். இந்த மூன்றும் வராமல் கோட்டைத் தாண்ட வேண்டாம், யார் உசுப்பேற்றினாலும்.

1,000 மீட்டருக்குப் போவது

25 மீட்டர் குளத்தில் அது 40 நீளம். முதல் நாள் கேட்கும்போது மலையாகத்தான் தெரியும். வாரம் மூன்று நாள் போங்கள். முதலில் 8 நீளம், ஒவ்வொன்றுக்கும் நடுவில் 30, 40 விநாடி ஓய்வு. அது சுலபமானதும் நீளத்தைக் கூட்டாமல் ஓய்வைக் குறையுங்கள். அப்புறம் இரண்டிரண்டாக, நாலு நாலாகச் சேருங்கள். மூச்சு வாங்கினால் நீங்கள் வேகமாகப் போகிறீர்கள் என்று அர்த்தம். சுவரைத் தொட்டதும் பக்கத்தில் இருப்பவரிடம் ஒரு வாக்கியம் பேச முடிகிற வேகம்தான் சரியான வேகம். காலை அதிகம் உதைக்காதீர்கள், தொடைத் தசை பெரியது, இருக்கிற ஆக்சிஜனை அதுவே தின்றுவிடும்.

ஒரு சின்ன நோட்டு போட்டு எழுதி வாருங்கள். என் நோட்டில் மார்ச் மாதம் ஒரு பக்கத்தில் "1 நீளம், நடுவில் 2 தடவை நின்றேன்" என்றும், அக்டோபரில் "12, நிற்கவில்லை" என்றும் இருக்கிறது. சோர்ந்துபோன நாட்களில் அந்த மார்ச் பக்கத்தைத்தான் எடுத்துப் பார்ப்பேன்.

கடல், கிணறு, குவாரி

குளத்தில் 1,000 மீட்டர் வந்துவிட்டது என்று மெரினாவில் இறங்கிவிடாதீர்கள். கரையிலிருந்து உள்ளே இழுக்கும் நீரோட்டத்துக்கு உங்கள் கணக்கெல்லாம் தெரியாது. அதில் மாட்டியவர்கள் கரையை நோக்கி எதிர்த்து நீந்தி நீந்தியே களைத்துப்போகிறார்கள். கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நகர்ந்து, இழுப்பு விட்ட பிறகுதான் கரைக்குத் திரும்ப வேண்டும். கடலில் நீந்த ஆசை இருந்தால், அதில் பழக்கம் உள்ள பயிற்சியாளரோடும் துணைப் படகோடும்தான். 2022 மார்ச்சில் 13 வயதில் தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்கு நீந்தி வந்த ஜியா ராய்கூடத் துணைப் படகோடுதான் வந்தார். கல்குவாரித் தண்ணீரும் பாழுங்கிணறும் எப்போதுமே வேண்டாம்.

புதிதாக நீச்சல் கற்றவர்கள் இன்னொன்றையும் மனசில் வையுங்கள். யாராவது மூழ்குவதைப் பார்த்தால் குதிக்காதீர்கள். மூழ்குகிறவர் கையில் எது கிடைத்தாலும் இறுக்கிப் பிடித்து அமுக்கிவிடுவார், இரண்டு பேரும் போய்விடுவீர்கள். சத்தம் போட்டு ஆள் கூப்பிடுங்கள், கயிறு, துப்பட்டா, நீளக் கழி, வாயை இறுக மூடிய காலித் தண்ணீர் கேன், எது இருக்கிறதோ அதை வீசுங்கள், 108க்கு அழையுங்கள்.

முதல் நாள் காலை

முந்தின ராத்திரியே பையைக் கட்டி வாசல் பக்கம் வைத்துவிடுங்கள்: உடை, தொப்பி, கண்ணாடி, இரண்டு துண்டு, மாற்றுத் துணி, ஈரத்துணி போட ஒரு பிளாஸ்டிக் கவர், சீப்பு. சாப்பிட்டு இரண்டு மணி நேரம் ஆகியிருக்க வேண்டும், காலை வகுப்பு என்றால் ஒரு வாழைப்பழம் போதும். யாரையாவது கூட வரச் சொல்வதானால் சிரிக்காதவராகப் பார்த்துக் கூட்டிப் போங்கள். உள்ளே போனதும் முதலில் விளிம்பில் உட்கார்ந்து காலை மட்டும் தொங்கவிட்டு, தண்ணீரைக் கையால் அள்ளி முகத்திலும் கழுத்திலும் விட்டுக்கொள்ளுங்கள். அப்புறம் படியில், கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, முதுகைத் தண்ணீர்ப் பக்கம் காட்டி, ஒவ்வொரு படியாக இறங்குங்கள். வகுப்பு முடிந்ததும் நல்ல தண்ணீரில் குளித்து, தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக் காதுத் தண்ணீரை வடித்துவிடுங்கள். பசி பயங்கரமாக எடுக்கும். வழியில் எங்கே நல்ல இட்லி கிடைக்கும் என்று முன்கூட்டியே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.